கருவியும் வினையும்

வினையைத் தொடங்குவோர் கருவியையும் இடத்தையும் எண்ணித் தெளிதல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. கணினி நிரலாளர்க்கும் இது பொருந்தும். பின்லாந்தில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதற்குச் சான்றாவார்.

ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த அவர், 1991ஆம் ஆண்டு தம் வீட்டுக் கணினியில் லினக்ஸ் இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார். அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். ஆகவே, பல நாட்டு நிரலாளர்கள் அப்பணியில் இணைந்தனர். அவர்கள் அனுப்பிய திருத்தங்களைத் தொகுக்க, 2002 முதல் ஒரு நிறுவனத்தின் மென்பொருள் பயன்பட்டது. அதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உரிமை 2005இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பழகிய கருவி கைவிட்டுப் போகவே, பணி தேக்கமுறும் நிலை உருவானது.

டோர்வால்ட்ஸ் தாமே புதிய கருவியைப் படைக்க முற்பட்டார். ஏப்ரல் 3ஆம் நாள் தொடங்கப்பெற்ற ‘கிட்’ என்னும் அம்மென்பொருள், ஏப்ரல் 7ஆம் நாளில் தன் நிரலின் மாற்றங்களைத் தானே பதிவுசெய்யும் நிலையை எட்டியது. பங்கேற்கும் ஒவ்வொருவர் கணினியிலும் பணியின் முழு வரலாறும் படியாக இருப்பது அதன் சிறப்பு. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்றிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். இன்று உலகெங்கும் நிரலாளர்தம் அன்றாடக் கருவியாக அது விளங்குகிறது.

அவர்தம் பணியிடமோ எளியது. இரைச்சல் எழுப்பாத கணினியும் அமைதியான அறையுமே அவர் விரும்புவன. நடைப்பொறியில் மெல்ல நடந்தவாறே பணிசெய்த காலமும் உண்டு.

கருவியின் விலை வினையின் தரத்தை முடிவுசெய்வதில்லை. தேவையை உணர்ந்தவர் தகுந்த கருவியைத் தேர்கிறார்; அஃது இல்லாதபோது தாமே படைக்கிறார்.