எண்ணெயில் பொரிக்காத அவல் மிக்சர்

மாலையில் பள்ளி விட்டு வீடு திரும்பியதும் நம் கை முதலில் தேடுவது மிக்சர் டப்பாவைத்தான். அதற்கு மொறுமொறுப்பைத் தருவது எண்ணெய் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. நமுத்துப் போன மிக்சரைச் சற்று நேரம் சூடேற்றினால் மீண்டும் மொறுமொறுப்பாகிறது. அப்போது நாம் எண்ணெய் சேர்ப்பதில்லை, ஈரத்தைத்தான் போக்குகிறோம்.

பொரிக்கும்போதும் இதுவே நடக்கிறது. சுமார் 180 டிகிரி செல்சியஸில் காயும் எண்ணெயில் மாவைப் பிழிந்தால், அதிலுள்ள நீர் ஆவியாக வெளியேறுகிறது. நீர் இருந்த நுண்துளைகளில் எண்ணெய் புகுந்துகொள்கிறது. 1 கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். 1 கிராம் கொழுப்போ 9 கலோரி தரும். மேலும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் சிதைந்து உடலுக்குக் கேடு செய்யும். அவ்வாறு சிதைந்த பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்னும் விதி, 2018 ஜூலை 1 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது.

ஆகவே, ஈரத்தை ஓவனின் உலர்ந்த சூட்டினால் போக்குவோம்.

தேவையான பொருட்கள்: மெல்லிய அவல் 250 கிராம், வறுத்த வேர்க்கடலை 100 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை: கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போகத் துடைக்கவும். எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை தாளித்து அடுப்பை அணைத்தபின் தூள்களையும் உப்பையும் சேர்க்கவும். இதை அவல், கடலைகளுடன் பிசறி, இரண்டு தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பவும். 120 டிகிரி செல்சியஸ் சூட்டில் 25 நிமிடம் வைத்து, பத்து நிமிடத்திற்கு ஒரு முறை கிளறவும். சூடு மிகுந்தால் அவல் கருகும், மிளகாய்த்தூள் கசக்கும். ஓவன் இல்லாத வீட்டில் அடி கனமான வாணலியில் சிறு தீயில், கை விடாமல் வறுக்கலாம்.

நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் நீராகிச் சொட்டும். நாம் பட்ட பாடு வீணாகும்.

எண்ணெய்ப் பலகாரத்தை மருத்துவர் குறைக்கச் சொன்னதால் ஆசையை அடக்கிக்கொண்டிருக்கும் தாத்தாவோ பாட்டியோ பல வீடுகளில் உண்டு. உப்பும் குறைக்க வேண்டியவர்களானால் அவர்களுக்கு ஒரு தட்டைத் தனியே செய்யலாம். தோழியரே, வரும் விடுமுறையில் செய்து பாருங்கள். முதல் கிண்ணத்தை அவர்கள் கையில் கொடுங்கள்!