இரண்டு மணிக்குப் பிறகு மழை

கேள்வி: "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் மத்திய மாகாணத்தில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்று வானொலியில் சொன்னதும் காயப்போட்ட மிளகை அள்ளிவிடுகிறோம். மாத்தளையில் கொட்டுகிறது, எங்களுக்கு ஒரு துளி இல்லை. மறுநாள் அப்படியே தலைகீழ். அந்த 2 மணிக் கணக்கு எங்கிருந்து வந்தது?
- வாசகி ஒருவர், பல்லேபொல

பதில்: வெயிலிலிருந்து. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடையில் காற்று தளர்ந்துவிடும். ஏப்ரல் முற்பகுதியிலோ சூரியன் இலங்கைக்கு நேர் மேலே நிற்கிறது. காலை முழுவதும் தரை சூடேறுகிறது. இரு கரைகளிலிருந்தும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து உள்ளே வருகிறது, மலைச்சரிவு அதை மேலே ஏற்றிவிடுகிறது. ஏறும் காற்று ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் குளிரும். ஒரு கட்டத்தில் ஈரம் நுண்துளியாகி முகில் பிறக்கிறது. ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளுவதால், பத்து மணிக்கு வெள்ளைத் திட்டாக இருந்தது இரண்டு மணிக்குள் 12 கிலோமீற்றருக்கும் மேல் உயர்ந்த இடிமுகிலாக நிற்கும். புவியியல் பாடத்தில் மேற்காவுகை மழை என்று படித்தது இதுதான்.

அப்படி எழும் தனி முகில் சில கிலோமீற்றர் அகலந்தான். பெய்து ஓய ஒரு மணி நேரம் போதும். எந்தச் சரிவில் முதலில் எழும் என்பதைக் காலையிலேயே ஊர் ஊராகச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே மாகாணத்துக்குச் சொன்ன அறிவிப்பு உங்கள் முற்றத்தில் பலிக்காவிட்டால் அது பொய்யென்று கொள்ள வேண்டாம். பல்லேபொல ஈர வலயத்துக்கும் உலர் வலயத்துக்கும் நடுவில், இடை வலயத்தில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலான மழையைக் கொட்டிவிட்டு வருகிறது. வடகீழ்ப் பருவக்காற்றை நக்கிள்ஸ் மலை மறிக்கிறது. அதனால் உங்கள் பக்கத்துக்கு ஒக்டோபர், நவம்பர் மழை பெரிய வரம். பெரும்போக விதைப்பே அதை நம்பித்தான். பதினொரு மணிக்கே திரள்முகில் அகலத்தைவிட உயரமாக வளர்கிறதென்றால் வானொலிக்குக் காத்திராமல் மிளகை அள்ளிவிடுங்கள்.

கேள்வி: வானிலையை முன்கூட்டிச் சொல்லும் வழக்கத்தை ஆரம்பித்தவர் யார்?
- மாணவர், நாவுல

பதில்: சார்ள்ஸ் டார்வினைப் 'பீகிள்' கப்பலில் உலகம் சுற்றிக் கொண்டுபோன தலைவர் ரொபர்ட் ஃபிட்ஸ்ரோய். 1859 ஒக்டோபரில் 'ரோயல் சார்ட்டர்' என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் உடைந்து நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தந்திக் கம்பி அப்போது வந்துவிட்டது. ஓரிடத்துப் புயலை அது அடுத்த ஊரை அடையுமுன் தந்தியில் சொல்லிவிடலாமே என்பதுதான் ஃபிட்ஸ்ரோயின் எண்ணம். 1861இல் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அதே ஆண்டு ஓகஸ்ட் 1ஆந் திகதி இலண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் முன்னறிவிப்பு வெளிவந்தது. தவறியபோதெல்லாம் அவரைக் கேலி செய்தார்கள். 1865இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். கடலோடிகளின் உயிரைக் காக்கப் பாடுபட்ட ஒருவருக்கு நேர்ந்த இந்த முடிவு மனத்தை வருத்துகிறது.

இலங்கையில் கொழும்பு வானிலை அவதான நிலையம் 1907இல் நில அளவைத் திணைக்களத்தின் கீழ் தொடங்கியது. 1948இல் அது தனித் திணைக்களமாயிற்று. இன்றைய வளிமண்டலவியல் திணைக்களம் அதுதான். அதன் மழைக் கணக்கில் தோட்டங்களுக்கும் பெரும் பங்குண்டு. மலையகத் தோட்டங்கள் பலவற்றில் காலை தோறும் மழைமானியைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். மழைநாள் என்பது இன்றும் காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான்.

கேள்வி: முகில்களுக்குப் பெயரிட்டவர்?
- வாசகர், உக்குவெல

பதில்: லூக் ஹோவர்ட். இலண்டனில் மருந்து தயாரித்து விற்றவர். 1802 டிசம்பரில் ஒரு சிறு சங்கத்தில் வாசித்த கட்டுரையில் கீற்று, திரள், படை, மழைமுகில் என்று வகுத்தார். அதே ஆண்டு பிரான்சில் லமார்க்கும் ஒரு பட்டியல் போட்டார். நிலைத்தது ஹோவர்ட்டின் வகுப்புத்தான்.

கேள்வி: "100 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை" என்கிறார்களே, அதை எப்படிப் புரிந்துகொள்வது?
- தோட்டத்து வாசகர், இரத்தோட்டை

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் ஒரு லீற்றர் தண்ணீர். 100 மில்லிமீற்றர், தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லும் கணக்கில் ஏறக்குறைய நான்கு அங்குலம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது உங்கள் மாவட்டத்துக் கம்மடுவையில் 24 மணி நேரத்தில் 540 மில்லிமீற்றர் பெய்தது. இடை வலயத்தின் ஓர் ஆண்டு மழையே 1750 முதல் 2500 வரைதான். ஏழு பேர்ச்சஸ் வீட்டுக் காணியொன்றில் மட்டும் 95,000 லீற்றருக்கு மேல் விழுந்திருக்கிறது. மேல்சரிவிலிருந்து வழிந்து வந்தது தனி. நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மலைச்சரிவுகளில் மண்ணுக்கடியில் போனவர்கள் அவர்களில் ஏராளம். எண் தெரிந்திருந்தும் அது எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் வீட்டிலேயே இருப்பதுதான் ஆபத்து.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு மூன்று படி வைத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேற ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகரப் பேணியொன்றை மரநிழலும் கூரைத் தாரையும் படாத வெட்டவெளியில் சாயாமல் வையுங்கள். காலை 8.30க்கு அடிமட்டத்தால் தண்ணீரின் ஆழத்தை அளந்து பேணியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு மறுபடி நிமிர்த்தி வையுங்கள். பலத்த மழையன்று மணிக்கொரு தரம் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் ஏறியதும் அயல்வீட்டாருக்குச் சொல்லிவிடுங்கள். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று இவற்றில் ஒன்றைக் கண்டால் அளவு எதுவானாலும் வெளியேறுங்கள்.