எழும் விமானமும் எதிர்ப்படும் பறவையும்

கேள்வி: சிறிய பயிற்சி விமானம் ஓடுதளத்தை விட்டு எழும் வேளையில் பறவை மோதினால் என்ன நேரும்? ஒரு கிலோ எடையுள்ள பறவையால் உலோக விமானத்துக்கு ஆபத்து உண்டா? தடுக்க வழி என்ன?

பதில்: மோதலின் கடுமையைப் பறவையின் எடையைக் காட்டிலும் விமானத்தின் வேகமே தீர்மானிக்கிறது. நகரும் பொருள் தன் ஓட்டத்தால் பெற்றிருக்கும் ஆற்றலை இயக்க ஆற்றல் என்பர். வேகம் இரட்டித்தால் அது நான்கு மடங்காகப் பெருகும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் மேலேறும் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை விமானத்தின் மீது ஒரு கிலோ எடையுள்ள பறவை மோதுவது, 10 கிலோ அரிசிப் பை ஏறத்தாழ 25 அடி உயரத்திலிருந்து விழும் அடிக்கு நிகரானது. பெரிய பயணிகள் விமானத்தின் முன்கண்ணாடி பல அடுக்குகளால் ஆனது; சுமார் 1.8 கிலோ எடையுள்ள பறவை மோதினாலும் துளைத்துக்கொண்டு உள்ளே வராதபடி அது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. செஸ்னா 172 வகை விமானங்களிலோ அக்ரிலிக் தகடு ஒன்றுதான் விமானிக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே நிற்கிறது. அதற்கு இத்தகைய பறவைச் சோதனை விதிக்கப்படவில்லை.

ஆகவே இவ்விமானங்களில் என்ஜினைவிட முன்கண்ணாடியைப் பற்றியே அதிகம் அஞ்ச வேண்டியுள்ளது. பறவையைக் காற்றோடு சேர்த்து உள்ளிழுத்துத் தன் விசிறித் தகடுகளை முறித்துக்கொள்ளும் ஜெட் என்ஜினைப் போலன்றி, இவற்றிலுள்ள பிஸ்டன் என்ஜின் காற்றை உள்ளிழுக்கும் வழி சிறியது; அதற்கு முன்னால் புரொப்பல்லரும் சுழல்கிறது. கண்ணாடி உடைந்தாலோ புயலுக்கு ஒப்பான காற்று விமானியின் முகத்தில் அறைகிறது. அக்ரிலிக் சில்லும் இறகும் குருதியும் கண்ணை மறைக்கின்றன. இரைச்சலில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் காதில் விழுவதில்லை. பயிற்சி பெறுவோர் மூக்குக்கண்ணாடி அணிந்து பறப்பது நல்லது என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழும் கட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. விமானத்தின் மூக்கு உயர்ந்திருப்பதால் எதிர்வானத்தின் கீழ்ப்பகுதி மறைந்துவிடுகிறது. வேகமும் உயரமும் கையிருப்பில் மிகக் குறைவாகவே உள்ளன. பறவைகள் அஞ்சினால் பெரும்பாலும் கீழ்நோக்கிப் பாயும் என்பதால் மேலேறித் தவிர்க்கும்படி விமானிகளுக்குச் சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஏற்கெனவே மூக்கை உயர்த்தி ஏறிக்கொண்டிருக்கும் சிறு விமானத்தில் பதற்றத்தோடு மேலும் இழுத்தால், இறக்கையின் மேற்பரப்பைத் தழுவி ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சட்டென்று குறைகிறது. ஸ்டால் எனப்படும் இந்நிலை சில நூறு அடி உயரத்தில் நேர்ந்தால் மீள இடமில்லை. பறவை தந்திருக்கக்கூடிய சேதத்தைவிட அதைத் தவிர்க்க முயன்ற செயலே கொடியதாக முடியும். எனவே சக்கரம் தரையில் இருக்கையிலேயே ஓடுதளத்தில் பறவைக் கூட்டம் தென்பட்டால் ஓட்டத்தைக் கைவிடுவதும், எழுந்த பின் மோதல் நேர்ந்தால் முதலில் பாதுகாப்பான வேகத்தைக் காத்துக்கொண்டு பிறகு மற்றவற்றைக் கவனிப்பதுமே முறை.

இந்த இடர் விமானத்தோடு கூடப் பிறந்தது. 1905ஆம் ஆண்டிலேயே ஆர்வில் ரைட் தம் விமானம் பறவை மீது மோதியதைக் குறித்து வைத்துள்ளார். 1912இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் கால் ரோஜர்ஸ் என்ற விமானி, கடற்காகம் ஒன்று கட்டுப்பாட்டு அமைப்பில் சிக்கியதால் உயிரிழந்தார். 2008 மார்ச் 4 அன்று ஓக்லஹாமா நகரின் வைலி போஸ்ட் விமான நிலையத்திலிருந்து எழுந்த செஸ்னா சைட்டேஷன் என்ற சிறு ஜெட், மேலேறுகையில் வெள்ளைக் கூழைக்கடாக்களோடு மோதி இறக்கை சிதைந்து விழுந்ததில், அதிலிருந்த ஐவரும் இறந்தனர்.

எந்தப் பறவை மோதியது என்பதை அறிவதில்தான் தடுப்பு தொடங்குகிறது. 1960இல் பாஸ்டனில் எழுந்த லாக்ஹீட் எலெக்ட்ரா விமானம் ஸ்டார்லிங் பறவைக் கூட்டத்தில் சிக்கி 62 பேர் மாண்டபோது, என்ஜினில் கிடைத்த இறகுத் துணுக்குகளை ஆராய்ந்து பறவையை இனங்கண்டவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ராக்ஸி லேபோர்ன். ஒட்டிய அழுக்கைச் சோப்பு நீரில் கழுவி, இழைகள் பிரியும்படி உலர்த்தி, இறகின் அடிப்பகுதியிலுள்ள மென்தூவியை நுண்ணோக்கியில் பார்த்து, அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்ட பறவைகளோடு ஒப்பிடும் அவருடைய முறை ஒரு தனித் துறைக்கே வித்திட்டது. பருந்து எனத் தெரிந்தால் அருகிலுள்ள குப்பைமேட்டையும் இறைச்சிக் கழிவையும் தேட வேண்டும். உண்ணிக்கொக்கு எனில் புல் வெட்டும்போது கிளம்பும் பூச்சிகளே காரணமாக இருக்கலாம். ஆள்காட்டியோ ஓடுதள ஓரத்துச் சரளையிலேயே, கல்லோடு கல்லாகத் தோன்றும் முட்டைகளை இடக்கூடியது. அதைக் குப்பை அகற்றி விரட்ட முடியாது.

இந்தியாவில் 1937ஆம் ஆண்டு வானூர்தி விதிகளின் 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுப்பதையும், பறவைகளை ஈர்க்கும் கழிவுகளைக் கொட்டுவதையும் தடைசெய்தது. அந்தப் பரப்பு நிலைய வேலியைத் தாண்டி நகராட்சிகள், ஊராட்சிகள், இறைச்சிக் கடைகள் வரை விரிவதால், நிலைய அதிகாரிகளால் மட்டும் அதைச் செயல்படுத்த இயலாது. பறவை விரட்டத் தனி ஆட்கள் இல்லாத சிறு பயிற்சித் தளங்களுக்கு உள்ளாட்சிகளின் குப்பை வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்பதே உயிர்ப் பிரச்சினை. பறவையை இனங்காண உதவும் வகையில், சேதமில்லாத மோதலையும் பயிற்சி மாணவர்கள் பதிவுசெய்து, புரொப்பல்லரில் ஒட்டிய இறகைத் துடைத்தெறியாமல் உறையிலிட்டு ஒப்படைக்க வேண்டும்.