விறகு வணிகத்தில் சிப்பச் செலவு: மறையூரை முன்வைத்து ஒரு கணக்கு

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ள மறையூர் இரண்டு சரக்குகளால் பெயர் பெற்றது. ஒன்று சந்தனம், மற்றொன்று 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம். சந்தனக் கட்டை வகை பிரிக்கப்பட்டு, எடையிடப்பட்டு, அரசுக் கிடங்கில் ஏலம் விடப்படுகிறது. கிலோ ஒன்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலைபோகும் பொருளுக்குக் கட்டும் கூலியும் சாக்கு விலையும் ஒரு பொருட்டல்ல. வெல்லத்திற்கு அதன் பெயரே பாதி விலையைத் தருகிறது. இவ்விரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவதாக, எவரும் பேசாத ஒரு சரக்கு உண்டு. அது விறகு. கிலோவுக்குச் சில ரூபாயே பெறும் இப்பொருளில், சிப்பம் கட்டும் முறையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வணிகரின் இலாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடும்.

மறையூர், காந்தளூர், வட்டவடைப் பகுதிகளில் 'கிராண்டிஸ்' என்று வழங்கும் யூகலிப்டஸ் மரம் தனியார் நிலங்களிலும் பரவலாக வளர்க்கப்பட்டுள்ளது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் தங்கள் ஆலைகளின் உலர்த்தும் உலைகளுக்கென இம்மரத்தை நெடுங்காலமாக வளர்த்து வருகின்றன. கண்ணன் தேவன் மலை நிலங்களைப் பற்றி 1971-இல் சட்டம் இயற்றப்பட்டு நிலம் பிரிக்கப்பட்டபோது, எரிபொருள் மரங்களுக்கான நிலமும் கணக்கில் கொள்ளப்பட்டது. மறையூரிலிருந்து ஒருபுறம் மூணாறும் மறுபுறம் உடுமலைப்பேட்டையும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. ஆக, இங்குள்ள விறகுக்கு மூன்று வகை வாங்குவோரைக் கருதலாம்: மலை மேலுள்ள ஆலைகள், சமவெளியின் விறகுக் கடைகளும் உணவு விடுதிகளும், குளிர்காயத் தீ மூட்டும் சுற்றுலாப் பயணிகளின் தங்கும் விடுதிகள். வெல்ல ஆலைகளை இப்பட்டியலில் சேர்க்க முடியாது. அவை பெரும்பாலும் தம் கரும்புச் சக்கையையே எரிக்கின்றன.

சிப்ப முறைகளை ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். இதிலுள்ள விலைகளும் கூலியும் கணக்கின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை. படிப்பவர் தம் ஊர் விலையை இட்டு மாற்றிக்கொள்ளலாம். ஆள் கூலி மணிக்கு 100 ரூபாய் என்றும், உடுமலைக்கு வண்டி வாடகை டன்னுக்கு 1,500 ரூபாய் என்றும் கொள்ளலாம். சரக்கு, நன்கு உலர்ந்த 1 டன் விறகு.

விறகை உதிரியாகவே வண்டியில் அடுக்கினால் சிப்பச் செலவு இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டையையும் இருமுறை கையால் தொட வேண்டும். ஏற்றவும் இறக்கவும் 8 மணி நேரம் எனில் செலவு 800 ரூபாய். இதையே 20 கிலோ கட்டுகளாகக் கயிற்றால் கட்டினால் 50 கட்டுகள் வரும். கட்டுக்குக் கயிறு 4 ரூபாய், கட்டி எடையிட 6 நிமிடக் கூலி 10 ரூபாய்; ஆக 700 ரூபாய். ஏற்றி இறக்கும் நேரம் பாதியாகக் குறைவதால் அதற்கு 400 ரூபாய். மொத்தம் 1,100.

சாக்கு என்றால் முதலில் விறகைக் குட்டையாக அறுக்க வேண்டும். அதற்கு டன்னுக்கு 300 ரூபாய் கொள்ளலாம். பழைய சணல் சாக்கு ஒன்று 20 ரூபாய், நிரப்பித் தைக்க 10 ரூபாய் எனில், 20 கிலோ வீதம் 50 சாக்குகளுக்கு 1,500. அறுப்பும் ஏற்றிறக்கமும் சேர்ந்து மொத்தம் 2,200. கடைக்காரர் சாக்கைத் திருப்பித் தந்து அது நான்கு முறை பயன்பட்டால் இத்தொகை 1,450 ஆகக் குறையும். 10 கிலோ கொள்ளும் வலைப்பை ஒன்று 8 ரூபாய், நிரப்ப 5 ரூபாய் எனில், 100 பைகளுக்கு 1,300. மற்றவை சேர்ந்து 2,000. விடுதிகளுக்கென 5 கிலோ அட்டைப் பெட்டிகளில் அடைத்தால், பெட்டிக்கு 15 ரூபாயும் நிரப்ப 5 ரூபாயும் சேர்ந்து 200 பெட்டிகளுக்கு 4,000 ரூபாய், மொத்தம் 4,700. மெல்லிய பிளாஸ்டிக் பை இங்குச் சேர்க்கப்படவில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாடு 2019 ஜனவரியிலும் கேரளம் 2020 ஜனவரியிலும் தடை விதித்துவிட்டன.

இவ்வளவோடு நின்றால், உதிரி விறகே மலிவு என்று முடிவு கட்டத் தோன்றும். வணிகர் பலர் அவ்வாறே முடிவு செய்கின்றனர். ஆனால் இக்கணக்கில் விறகின் ஈரம் இன்னும் வரவில்லை.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் பாதியளவு நீராக இருக்கலாம். அத்தகைய 1,000 கிலோ விறகில் மரப்பொருள் 500 கிலோ மட்டுமே. அது 20 விழுக்காடு ஈரம் வரை உலரும்போது எடை 625 கிலோவாகும். முற்றிலும் உலர்ந்த மரம் கிலோவுக்குச் சுமார் 4,400 கிலோகலோரி வெப்பம் தரும். 20 விழுக்காடு ஈரத்தில் இது சுமார் 3,400. பாதி நீராக உள்ள விறகில் சுமார் 1,900 மட்டுமே. எஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதி அந்நீரை ஆவியாக்கவே செலவாகிறது. ஈர விறகு அடுப்பில் புகைவதைப் பார்த்த எவருக்கும் இது புதிய செய்தியன்று. எனினும் விறகுக் கணக்கில் இது இடம் பெறுவதில்லை.

1 டன் உலர்ந்த விறகுக்கு 1.6 டன் ஈர விறகு தேவை. ஈர விறகாகவே உடுமலைக்கு அனுப்பினால் வாடகை 2,400 ரூபாய். மறையூரிலேயே உலர்த்தி அனுப்பினால் 1,500. மலைச்சாலையில் நீரை ஏற்றிச் செல்லும் செலவு மட்டும் 900 ரூபாய். கயிற்றுக் கட்டின் சிப்பச் செலவு முழுவதையும்விட இது அதிகம்! சிப்பத்தில் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க முயலும் வணிகர், இந்தத் தொகையைக் காண்பதேயில்லை.

உலர்த்துவதற்கும் செலவு உண்டு. ஈர விறகு டன் 3,000 ரூபாய் எனில் 1.6 டன்னுக்கு 4,800 ரூபாய் ஆறு மாதம் முடங்கும். 12 விழுக்காடு வட்டி 288 ரூபாய். அடுக்கவும் பிரிக்கவும் 400 ரூபாய் சேர்த்தால் 688. இதிலும் மறையூருக்கு ஒரு வாய்ப்பு உள்ளது. மூணாறு பெருமழைப் பகுதி. மறையூரோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பக்கத்தில் அமைந்துள்ளது. கூரையும் தரையில் இரண்டு குறுக்குக் கட்டைகளும் இருந்தால் காற்றே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும்.

இப்பொழுது இரு சரக்குகளையும் உடுமலைக் கடையில் வைத்து ஒப்பிடலாம். உதிரியாக வந்த ஈர விறகின் அடக்க விலை கிலோவுக்கு 3.00, 1.50, 0.80 ஆகியவை சேர்ந்து 5.30 ரூபாய். அது தரும் வெப்பம் 1,900 கிலோகலோரி. இதே விகிதத்தில் 3,400 கிலோகலோரி தரும் உலர் விறகு கிலோ ஏறத்தாழ 9.48 ரூபாய் பெறும். உலர் விறகின் அடக்க விலையோ, சிப்பமும் ஏற்றிறக்கமும் நீங்கலாக, 4.80, 0.69, 1.50 சேர்ந்து 6.99 ரூபாய். இடையிலுள்ள 2.49 ரூபாய்தான் சிப்பத்திற்கும் இலாபத்திற்கும் உள்ள இடம். கயிற்றுக் கட்டு (1.10) இதில் தாராளமாக அடங்கும். வலைப்பை (2.00) நெருக்கி அடங்கும். சாக்கு திரும்பி வந்தால் (1.45) அடங்கும்; வராவிட்டால் (2.20) மிகச் சிறிய இலாபமே மிஞ்சும். அட்டைப் பெட்டி (4.70) அடங்கவே அடங்காது. அதை வெப்பத்திற்காக எவரும் வாங்க மாட்டார். சுற்றுலாப் பயணியின் வசதிக்காகவே விற்க முடியும்.

ஆனால் இந்த 2.49 ரூபாய் தானாகக் கைக்கு வராது. விறகு எடைக்கு விற்கப்படும் வரை, ஈரத்தோடு விற்பவருக்கு நீருக்கும் விலை கிடைக்கிறது. உலர்த்தி விற்பவர் டன்னுக்கு 375 கிலோவை இழக்கிறார். வாங்குபவர் வேறுபாட்டை அறியாவிட்டால் நேர்மையாக உலர்த்தியவரே நட்டப்படுவார். சிப்பத்தின் பயன் இங்குதான் தொடங்குகிறது. உதிரிக் குவியலில் எது உலர்ந்தது, எது உலராதது என்று சொல்ல வழியில்லை. கட்டுக்கோ பைக்கோ ஒரு சீட்டு இடலாம்; அதில் எடையும் ஈரமும் எழுதலாம். இங்கிலாந்தில் 2021 மே முதல், 2 கன மீட்டருக்குக் குறைந்த அளவில் விற்கப்படும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மிகக்கூடாது என்று விதிக்கப்பட்டுள்ளது. அங்கு நோக்கம் காற்று மாசைக் குறைப்பது. எனினும் உலர்த்தி விற்பவருக்கும் அவ்விதி பாதுகாப்பாக அமைகிறது. நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுச் சிப்பப் பொருள் விதிகள் நிகர எடை, தயாரிப்பவர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை முதலியவற்றை அச்சிடச் சொல்கின்றன. ஈரத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

எடையை எப்பொழுது குறிப்பது என்பதும் முக்கியம். ஈரமாகக் கட்டிய 20 கிலோ கட்டு உலர்ந்தபின் 12.5 கிலோவே நிற்கும். கட்டை சுருங்குவதால் கயிறும் தளரும். எனவே முதலில் உலர்த்தல், பிறகே கட்டுதல். வலைப்பையும் கட்டும் காற்றை உள்ளே விடும். அரைகுறையாக உலர்ந்த விறகை நெருக்கமான சாக்கில் தைத்து வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். சந்தனக் காட்டின் வழியே செல்லும் சாலை என்பதையும் மறக்கலாகாது. சோதனைச் சாவடியில் உள்ளிருப்பது தெரியும் சிப்பத்திற்கும், வாய் தைத்த ஐம்பது சாக்குகளை அவிழ்க்க நேர்வதற்கும் உள்ள வேறுபாடு, அரை நாள் கூலியும் வண்டியின் காத்திருப்பும் ஆகும்.

வரியிலும் ஒரு நுட்பம் உண்டு. விறகுக்குச் சரக்கு-சேவை வரி இல்லை. ஆகவே பைக்கும் பெட்டிக்கும் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்ள இயலாது. அது முழுதும் செலவிலேயே சேரும். விலை உயர்ந்த சிப்பத்தில் இச்சுமை அதிகம். கயிற்றில் மிகக் குறைவு.

தேயிலை ஆலைகளுக்கு இக்கணக்கு பொருந்தாது. அவை விறகைத் தம் களத்தில் அடுக்கித் தாமே உலர்த்திக்கொள்ளக் கூடியவை. அடுக்கின் கன அளவால் வாங்கினால் நீருக்கு விலை கொடுக்கவும் நேராது. அங்கே உதிரியாக அனுப்புவதே முறை. அடுக்கிய 1 கன மீட்டரில் மரம் மூன்றில் இரண்டு பங்களவே இருக்கும், மீதி இடைவெளி என்பதை மட்டும் விற்பவர் நினைவில் கொள்ள வேண்டும். சமவெளிக் கடைகளுக்கு உலர்த்திய கயிற்றுக் கட்டு, விடுதிகளுக்கு வலைப்பை. ஈரமானியும் தராசும் ஒரு சிறு வணிகரின் கைக்கு எட்டாவிடில், விவசாயிகள் பலர் சேர்ந்து ஒரு களத்தையும் கூரையையும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். டன்னுக்கு மிஞ்சும் 900 ரூபாய் வாடகையிலிருந்தே அதற்கான முதலைத் திரட்டத் தொடங்கலாம்.