இடைவெளியா, இழப்பா? குறிஞ்சியும் கொம்புத் திருக்கையும்

திண்டுக்கல் சமவெளியில் ஆவாரை ஆண்டுதோறும் பூப்பதைக் கண்டு பழகியோரிடம், அதே மாவட்டத்தின் கொடைக்கானல் மலையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும் நீலக்குறிஞ்சி, அந்த நீண்ட இடைவெளியால்தான் அருகிவருகிறது என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. 2006இலும் 2018இலும் கொடைக்கானலில் பூத்த இப்புதர், ஒருமுறை பூத்துக் காய்த்தபின் மடிந்துவிடும் இயல்புடையது. ஆனால் சரிவு முழுவதும் ஒரே பருவத்தில் விதை உதிர்வதால், பூச்சிகளும் பறவைகளும் தின்றது போக எஞ்சுவதே புதிய தலைமுறைக்குப் போதுமானதாகிறது என்று உயிரியலார் விளக்குகின்றனர். ஆகவே இடைவெளி அதன் குறையன்று, காப்பு. குறிஞ்சியை உண்மையில் குறைத்தவை, புல்வெளிகளை விழுங்கிய தேயிலைத் தோட்டங்களும் தைலமரம், பைன், வாட்டில் போன்ற அயல்மரங்களுமே ஆகும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் அதனை அழிவாய்ப்புள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்த்தது.

கடல் காணாத ஊர்களில் நிலவும் மற்றொரு நம்பிக்கை, மீனினம் எதுவாயினும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுப் பிடிபட்டதை ஈடுசெய்துகொள்ளும் என்பதாகும். சூரை மீனுக்கு அது பொருந்தலாம்; திருக்கைக்குச் சிறிதும் பொருந்தாது. இறக்கை விரிவில் ஏழு மீட்டர் வரை வளரும் பெருங்கடல் கொம்புத் திருக்கை, ஏறத்தாழ ஓராண்டு கருச்சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனுகிறது. அடுத்த குட்டிக்கு மேலும் சில ஆண்டுகள் செல்கின்றன. குறிஞ்சியினும் குறுகிய இடைவெளியாயினும், பிறப்பது ஒன்றே என்பதால், இறப்பு சற்று மிகுந்தாலும் அதன் தொகை சரிந்துவிடுகிறது. 2020இல் அது அழிவாய்ப்புள்ள நிலைக்கும் ஒருபடி மோசமான ‘அருகிய இனம்’ ஆக வகைப்படுத்தப்பட்டது. ஓயாது நீந்தினால்தான் செவுள்வழி நீர் பாய்ந்து மூச்சு நிகழும் என்பதால், சூரைக்கு விரித்த வலையில் சிக்கிய திருக்கை மூச்சுமுட்டி இறக்கிறது என்பது மிகவும் வருந்தத்தக்கது.

அதன் கொம்புகள் தாக்கும் படைக்கலம் என்பதும் தவறு. அவை நுண்ணுயிர் மிதவைகளை வாய்க்குள் செலுத்தும் தலைத்துடுப்புகள். அவ்வுணவை வடிகட்டும் செவுள் தட்டுகளே உலர்த்தப்பட்டுக் கிழக்காசியாவில் மருந்தாக விற்கப்படுகின்றன, அவை நோய் தீர்க்கும் என்பதற்கு மருத்துவச் சான்று ஏதும் இல்லாதபோதும்.