உப்பு மூட்டைக்குள் இருக்கும் வேதியியல்

வேதியியல் என்றதும் பள்ளிக்கூடத்து ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குழாய்களும்தான் நமக்கு ஞாபகம் வரும். நாம் தினமும் நிற்கும் பலசரக்குக் கடையும் ஓர் ஆய்வுக்கூடம்தான். ஆப்பசோடா, சலவை சோடா, வனஸ்பதி, சோப்பு எல்லாம் அந்தப் படிப்பு நமக்குக் கொடுத்த சரக்குகள். இவற்றிலெல்லாம் விலை மலிவானதும், செய்யும் வேலையில் பெரியதும் அயோடின் கலந்த உப்பு. அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

1811-ல் பெர்னார் கூர்த்துவா என்ற பிரெஞ்சுக்காரர், கடற்பாசிச் சாம்பலில் வேலை செய்தபோது ஊதா நிற ஆவி எழுவதைக் கண்டார். அதுதான் அயோடின். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிக்கு இது இல்லாமல் வேலை ஓடாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். எழுபது வருஷத்துக்குக் கணக்குப் போட்டாலும் நாலு கிராம் வராது. ஆனால் மொத்தமாக வாங்கி உடம்பில் இருப்பு வைக்க முடியாத சரக்கு இது, அன்றாடம் வரவேண்டும். குறைந்தால் கழுத்தில் கழலை வரும். அதாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத நஷ்டம்தான் பெரிது. கர்ப்பிணிக்கு அயோடின் மிகவும் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்த பிறகு அதை முழுதாகச் சரிக்கட்ட வழியில்லை.

இன்றைய இமாசலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. ஆறு வருஷத்தில் அயோடின் உப்பு போன ஊர்களில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியத் திட்டம் வந்தது.

"மலை நாட்டு வியாதிக்கு நமக்கேன் மருந்து? நமக்குத் தூத்துக்குடிக் கடல் உப்பு இருக்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. கடல் நீரில் அயோடின் மிகச் சொற்பம். பாத்தியில் காய்ந்த உப்பில் அது பேருக்குத்தான் இருக்கும். அதனால்தான் பொட்டாசியம் அயோடேட்டைக் கரைத்து உப்பின் மேல் தெளிக்கிறார்கள். அயோடைடு என்ற இன்னொரு சரக்கும் உண்டு. ஆனால் ஈரக்காற்றில் அது சீக்கிரம் சிதைந்து அயோடின் ஆவியாகிவிடும். நம் சீதோஷ்ணத்துக்கு அயோடேட்தான் தாங்கும்.

தாங்கும் என்றாலும் அதற்கும் ஒரு எல்லை உண்டு. நாம் உப்பு மூட்டையை எங்கே வைக்கிறோம்? கடைவாசலில், வெயிலிலும் மழையிலும். உப்பை எவன் திருடப் போகிறான் என்ற தைரியம்! சுத்தம் குறைந்த கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு இருக்கும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். அந்தக் கசிவோடு அயோடேட்டும் மூட்டையின் அடிக்கு இறங்கிவிடும். சணல் சாக்கு என்றால் தரைக்கே போய்விடும். உள்ளுறை போட்ட பிளாஸ்டிக் சாக்காக வாங்கி, கட்டை போட்டு அடுக்கி, சுவரை ஒட்டாமல் நிழலில் வையுங்கள். முதலில் வந்த லோடை முதலில் தள்ளுங்கள்.

சில்லரைக் கடையில் உப்பில் அயோடின் 15 பிபிஎம்-க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது ஒரு டன்னுக்கு, ஐம்பது கிலோ மூட்டை இருபதுக்கு, பதினைந்து கிராம். அயோடின் கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கும் தடை 1998 மே மாதம் நாடு முழுவதும் வந்தது, 2000-ல் எடுக்கப்பட்டது, 2006 மே முதல் திரும்ப வந்தது. தோல் பதனிடவும் மாட்டுத் தீவனத்துக்கும் சாதா உப்பு விற்கலாம். அந்தச் சாக்கைப் பிரித்துச் சமையலுக்கு அளந்து போடுகிற கடைகள் இன்னும் இருக்கின்றன. கிலோவுக்குக் கிடைக்கிற சில்லறைக் காசுக்காக அடுத்த வீட்டுப் பிள்ளையின் மூளையில் கைவைப்பதை வியாபாரம் என்று நான் சொல்ல மாட்டேன். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது நம் மாநிலம். ஆனால் 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பு தமிழ்நாட்டில் சுமார் 62 சதவீத வீடுகளில்தான் இருந்தது, மாநிலங்களில் கடைசி. நாட்டின் சராசரி 76.

கல்லுப்பு கேட்பவருக்குக் கல்லுப்பே கொடுங்கள். அயோடின் கலந்த கல்லுப்பும் வருகிறது. சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. உருளைக்கிழங்கை வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தூவி ஒரு நிமிஷம் விட்டு, எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். அயோடின் இருந்தால் கிழங்கின் மாவோடு சேர்ந்து நீலம் காட்டும். எவ்வளவு இருக்கிறது என்பதை இது சொல்லாது. அதற்கு ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். புது லோடு இறங்கும்போது மேல் மூட்டையில் ஒரு பிடி, அடி மூட்டையில் ஒரு பிடி எடுத்துப் பாருங்கள்.