கோடையில் பிள்ளைகளுடன் நிலத்தைப் படிப்போம்

கமக்காரரின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் இருப்பதில்லை. தந்தையின் பின்னால் வரம்பில் நடந்தும், தாயுடன் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியும் பிள்ளைகள் அதைப் பெற்றார்கள். இடம்பெயர்ந்தபோது வீட்டையும் காணியையும் மட்டுமல்ல, இந்தப் பள்ளிக்கூடத்தையும் நாம் இழந்தோம். முகாமிலும் உறவினர் வளவிலும் வளர்ந்த பிள்ளைக்குத் தன் ஊர் மண்ணின் குணம் தெரியாமற் போகலாம். காணி கைக்கு வரும் நாளில் அதைச் செய்யத் தெரிந்தவர்களும் இருக்கவேண்டும் அல்லவா?

சோளகம் வீசும் கோடை மாதங்களில் வடக்கின் மானாவாரி வயல்கள் ஓய்ந்திருக்கும். அந்நாட்களில், நாம் இருக்கும் இடத்திலேயே, செலவின்றிச் செய்யக்கூடிய மூன்று பயிற்சிகளை இங்கு தருகிறோம்.

முதலில் பாதுகாப்பு

போர் 2009இல் முடிந்தாலும், அது நடந்த இடங்களில் வெடிபொருட்கள் இன்னும் மண்ணுக்குள் இருக்கலாம். மிதிவெடி அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத காணிக்குள் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லக்கூடாது. இனந்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலருக்கு அறிவிக்கவேண்டும்.

1. நிழலை அளத்தல்

வெளியான இடத்தில் 4 அடித் தடி ஒன்றை நேராக நடுங்கள். நண்பகலை அண்டி, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அதன் நுனியில் ஒரு கல்லை வையுங்கள். வாரம் ஒருமுறை இப்படிச் செய்யுங்கள். வடக்கில் சித்திரை நடுப்பகுதியில் சூரியன் உச்சிக்கு வரும். நிழல் தடியின் அடியிலேயே மறைந்துவிடும். அதன்பின் ஆவணி இறுதிவரை நண்பகல் நிழல் தெற்கே விழும். ஆனியில் அது சுமார் 1 அடி நீளம். மார்கழியிலோ வடக்கே சுமார் இரண்டரை அடி. நாற்றுமேடைக்குக் கொட்டிலின் எந்தப் பக்கத்தில் நண்பகல் நிழல் கிடைக்கும் என்பதைப் பிள்ளைகளே இப்போது சொல்வார்கள்.

2. மண்ணைப் பிரித்தல்

தெளிவான போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பி, சிறிது சவர்க்காரத் தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி, அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். அதன்மேல் மண்டி சில மணித்தியாலத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ செல்லும். மணல் மிகுந்த மண்ணுக்குச் சிறிது சிறிதாக அடிக்கடி நீர் இறைக்கவேண்டும். களி மிகுந்தது நீரைப் பிடித்துவைக்கும், நெல்லுக்கு ஏற்றது. இருக்கும் வளவின் மண்ணையும் சொந்தக் காணியின் மண்ணையும் இரு போத்தல்களில் வைத்து ஒப்பிட்டால் பாடம் இன்னும் நன்றாக விளங்கும்.

3. கிணற்றைக் கவனித்தல்

கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டுங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எத்தனை முடிச்சு ஆழத்தில் உள்ளது என்று, பெரியவர் ஒருவர் அருகில் நிற்க, வாரந்தோறும் ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தடி நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறும். மட்டம் விரைவாக இறங்குவதைக் கண்ட பிள்ளை, வீண் இறைப்பு ஏன் கூடாது என்பதைத் தானே உணரும்.

இப்பயிற்சிகளில் அம்மம்மாவையும் அப்பப்பாவையும் பக்கத்தில் இருத்துங்கள். பிள்ளைகள் அளப்பதை அவர்கள் அனுபவத்தால் அறிவார்கள். அவர்கள் சொல்வதையும் அதே கொப்பியில் எழுதிவையுங்கள்.

கலந்துரையாடுவோம்

• நம் ஊர் வயல்களுக்கும் குளங்களுக்கும் என்னென்ன பெயர்கள்? அப்பெயர்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

• மாரி நெருங்குவதை நம் பெரியவர்கள் எவ்வெவ் அடையாளங்களால் அறிந்தார்கள்?

• காணிக்குத் திரும்பினால் முதலில் எதைப் பயிரிடுவோம்? ஏன்?